ஜப்பானில் குடும்பத்தோடு ஒரு நாள்: சேலம் வாசகர்களின் ரயில் கேள்விகள்

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்போகிற நேரம். ஜப்பான் போகத் திட்டமிடும் சேலம், ஏற்காடு, ஆத்தூர் குடும்பங்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். ஜப்பானில் ரயில் நேரத்துக்கு வந்துவிடும். நாள் குலைவது ஸ்டேஷனுக்குள் நடக்கும் தூரத்தாலும், சாப்பாட்டாலும், சாமான் பெட்டியாலும்தான். எத்தனை இடம் பார்க்கலாம் என்று கணக்குப் போடும் முன் இந்த மூன்றுக்கும் வழி செய்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் கிளம்பலாம் என்றிருக்கிறோம். டோக்கியோ, கியோட்டோ இரண்டும் பார்க்க வேண்டும். ஜே.ஆர். பாஸ் எடுத்தே ஆக வேண்டுமா?
*— வாசகி, அஸ்தம்பட்டி*

பாஸுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே 'கோல்டன் வீக்'. அடுத்தடுத்து அரசு விடுமுறை வருவதால் ஜப்பானே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அந்த நாட்களில் 'ஷின்கான்சென்' எனும் புல்லட் ரயில்களில் மிக வேகமானதான நோஸோமியில் முன்பதிவில்லாத பெட்டியே இருக்காது, எல்லாம் ரிசர்வேஷன்தான். ஓட்டல் வாடகையும் ஏறிவிடும். முடிந்தால் ஏப்ரல் 28-க்குள் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் மே 7-க்குப் பிறகு போங்கள். அந்த வாரத்தில்தான் போக முடியும் என்றால், டிக்கெட் விற்பனை பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்கு அது காலை 6.30. அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இனி பாஸ், அதாவது ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் குறிப்பிட்ட நாள் வரை எத்தனை தடவையும் ஏற விடும் சீட்டு. 2023 அக்டோபரில் விலை ஏறியது. 7 நாள் சாதாரண வகுப்பு பாஸ் இப்போது பெரியவருக்கு 50,000 யென், 6 முதல் 11 வயதுக் குழந்தைக்குப் பாதி. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ரிசர்வ் சீட்டோடு ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். அம்மா, அப்பா, பாதிக் கட்டணத்தில் இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்று முழு டிக்கெட் கணக்கு. போக வர 84,000 யென் ஆகும். அதே குடும்பத்துக்குப் பாஸ் எடுத்தால் 1,50,000 யென். 66,000 யென் வீண். போதாததற்கு, பாஸ் வைத்திருந்தாலும் நோஸோமியில் ஏறத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டோக்கியோ மெட்ரோவிலும் தனியார் ரயில்களிலும் பாஸ் செல்லாது.

உங்கள் திட்டத்துக்குத் தனித்தனி டிக்கெட்தான் லாபம். ஹிரோஷிமா வரை போய்த் திரும்பி, அதே ஏழு நாளில் கானஸாவா, செண்டாய் போல இன்னொரு தூரப் பயணமும் இருந்தால் மட்டும் பாஸைப் பற்றி யோசியுங்கள்.

ஷின்கான்செனில் பெரிய சூட்கேஸ் ஏற்ற விடமாட்டார்கள் என்கிறார்களே? ஃபூஜி மலை தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?
*— வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்*

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டுங்கள். 160 செ.மீ.க்குள் வந்தால் தலைக்கு மேல் உள்ள தட்டில் வைத்துக்கொள்ளலாம். 160-க்கு மேல் 250 செ.மீ. வரை இருந்தால், ரயில் பெட்டியின் கடைசி வரிசையில் 'பெரிய சாமான் இடத்தோடு' உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டச் சொல்வார்கள். டோக்கியோ-கியோட்டோ-ஹிரோஷிமா-ஃபுகுவோகா தடம் முழுக்க இதுதான் விதி. 250-க்கு மேல் ஏற்ற முடியாது.

எங்கள் யோசனை: பெரிய பெட்டிகளை ரயிலிலேயே ஏற்றாதீர்கள். 'தக்யூபின்' என்ற கூரியர் சேவை இருக்கிறது. டோக்கியோ ஓட்டல் வரவேற்பில் முதல் நாள் காலை பெட்டியைக் கொடுத்தால், மறுநாள் கியோட்டோ ஓட்டலில் இருக்கும். அளவைப் பொறுத்துப் பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென். ஓர் இரவுக்கு வேண்டிய துணியை மட்டும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் ஷின்கான்சென் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் நிற்கும். குழந்தையையும் நாலு சூட்கேஸையும் அதற்குள் இறக்குவது பெரிய பாடு.

ஃபூஜிக்கு 'ஈ' இருக்கை. சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் ஏ, பி, சி, மறுபக்கம் டி, ஈ. போகும்போதும் வரும்போதும் ஈ-தான் மலைப் பக்க ஜன்னல். டோக்கியோவில் கிளம்பி 40, 45 நிமிடத்தில், ஷின்-ஃபூஜி ஸ்டேஷனை ஒட்டித் தெரியும். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடுவது வழக்கம் என்பதால் காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஐந்து பேர் என்றால் ஒரே வரிசையில் மூன்றும் இரண்டுமாக எடுக்கலாம். நாலு பேருக்கு முன்பின்னாக இரண்டு 'டி-ஈ' ஜோடி எடுங்கள். இருக்கைக்கு அடியில் காலால் அழுத்தும் பெடல் ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இருக்கையைத் திருப்பினால் எதிரெதிராக உட்காரலாம். இறங்கும் முன் பழையபடி திருப்பி வையுங்கள்.

இந்தத் தடத்தின் சாதாரண பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. தண்ணீரும் தின்பண்டமும் ஏறும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே சுய்க்கா கார்டைக் குடும்பமே மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ளலாமா?
*— வாசகர், சூரமங்கலம்*

முடியாது. சுய்க்கா என்பது முன்கூட்டியே பணம் போட்டு வைத்து ஸ்டேஷன் கேட்டில் தட்டும் கார்டு. எந்த ஸ்டேஷனில் உள்ளே போனீர்கள் என்பது அதில் பதிவாகும். வெளியே வரும்போது அதை வைத்துத்தான் காசு கழியும். அதே கார்டை இரண்டாவது ஆள் தட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கேட் மூடிக்கொள்ளும். தலைக்கு ஒரு கார்டு வேண்டும். 6 வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேவையில்லை. டிக்கெட் வைத்திருக்கும் ஒருவரோடு இரண்டு குழந்தைகள் வரை இலவசம். ஷின்கான்செனில் அந்தக் குழந்தைக்குத் தனி இருக்கை பிடித்தால் மட்டும் பாதிக் கட்டணம்.

6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குக் குழந்தைக் கார்டு உண்டு, கட்டணம் பாதி. இதை மெஷினில் எடுக்காமல், பாஸ்போர்ட்டைக் காட்டி ஸ்டேஷன் கவுன்டரில் வாங்குங்கள். பெரியவர் கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் முழுக் கட்டணம் கழியும், பிறகு திரும்பக் கிடைக்காது. டோக்கியோ ஜே.ஆர். கேட்டுகளில் குழந்தைக் கார்டைத் தட்டினால் கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம் வரும். சரியான கார்டுதான் என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

சுற்றுலாப் பயணிகளுக்கான 'வெல்கம் சுய்க்கா'வுக்கு முன்பணம் இல்லை, 28 நாள் செல்லும். மிச்சப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மெஷினில் பணம் ஏற்ற யென் நோட்டு கையில் வேண்டும். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் சுய்க்கா வேலை செய்யாது, அதற்கான வசதி அதில் இருக்காது. ஐபோனில் ஏற்றலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, டோக்கியோ பகுதியில் தட்டி உள்ளே போய், சாதாரண ரயில்களிலேயே வெகுதூரம் போய் வேறு பகுதியில் இறங்குவது. ஒரு பகுதியில் உள்ளே போன கார்டு இன்னொரு பகுதியில் வெளியே விடாது. அந்த மாதிரி தூரப் பயணத்துக்குக் காகித டிக்கெட் எடுங்கள். இரண்டு, கார்டில் பணம் தீர்ந்தது தெரியாமல் வெளியே வரும் கேட்டில் மாட்டிக்கொள்வது. இதற்குப் பயப்படவே வேண்டாம். கேட்டுக்கு உள்பக்கமே கட்டணச் சரிக்கட்டு மெஷின் இருக்கும். குறைந்த தொகையைப் போட்டால் போதும், அபராதம் கிடையாது.

ஒரே பிளாட்ஃபாரத்தில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ரயிலும், பல ஸ்டேஷன்களைத் தாண்டிப் போகும் 'கைசொகு' ரயிலும் அடுத்தடுத்து வரும். வந்ததில் ஏறிவிட்டால் உங்கள் ஸ்டேஷன் ஜன்னலில் ஓடிப் போய்விடும். பலகையில் ரயிலின் வகையைப் பார்த்த பிறகு ஏறுங்கள்.

மலைப் பிரதேசத்திலிருந்து போகிறோம், அங்கேயும் ஒரு மலை பார்க்க ஆசை. டோக்கியோவில் தங்கி ஹகோனேவை ஒரே நாளில் முடிக்க முடியுமா? ஏற்காடு ஏறும்போதே சின்னவனுக்கு வாந்தி வந்துவிடும்.
*— வாசகி, நாகலூர், ஏற்காடு*

முடியும், காலை 7 மணி வாக்கில் டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனிலிருந்து கிளம்பினால். ஒடக்யு நிறுவனத்தின் 'ரொமான்ஸ்கார்' ரயில் நேராக ஹகோனே-யுமோட்டோ வரை சுமார் 85 நிமிடத்தில் கொண்டுபோய் விடும். எல்லாம் முன்பதிவு இருக்கைகள்தான். 'ஹகோனே ஃப்ரீ பாஸ்' வாங்கினால் மலை ரயில், தண்டவாளத்தில் கம்பி வடம் இழுத்து ஏற்றும் கேபிள் கார், ரோப்வே, ஏரிக் கப்பல், பஸ் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் ரொமான்ஸ்காரின் விரைவுக் கட்டணம் அடங்காது, அதைத் தனியாகக் கட்ட வேண்டும். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அங்கிருந்து வரிசை இப்படி: ஹகோனே-யுமோட்டோவிலிருந்து கோரா வரை மலை ரயில் 40 நிமிடம். கோராவிலிருந்து சோவுன்ஸான் வரை கேபிள் கார் 10 நிமிடம். அங்கிருந்து ரோப்வேயில் ஓவாகுதானி 8 நிமிடம், தோகெண்டாய் இன்னொரு 16 நிமிடம். தோகெண்டாயிலிருந்து ஆஷி ஏரியில் கப்பல், மோட்டோ-ஹகோனே வரை அரை மணிக்கு மேல். பிறகு பஸ்ஸில் ஹகோனே-யுமோட்டோவுக்கு 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் வரிசை உண்டு. சனி, ஞாயிறுகளில் நிற்பதும் நடப்பதும் சேர்ந்து ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். முடிந்தவரை வாரநாளில் போங்கள்.

அந்த மலை ரயில் பார்க்க வேண்டிய ஒன்று. 1919-இல் திறந்த 8.9 கி.மீ. பாதை. மிகச் செங்குத்தான இடத்தில் 1,000 மீட்டர் ஓடினால் 80 மீட்டர் ஏறும் கணக்கு, அதாவது பன்னிரண்டரைக்கு ஒன்று. நம் ஊட்டி ரயிலின் செங்குத்தும் ஏறக்குறைய இதே அளவுதான், அங்கே பல்சக்கரம் உண்டு. ஹகோனேயில் பல்சக்கரம் கிடையாது, வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிப்பிலேயே ஏறுகிறது. 30 மீட்டர் ஆரத்தில் திரும்பும் வளைவுகள் இருப்பதால் சக்கரமும் தண்டவாளமும் தேயும். தேய்மானத்தைக் குறைக்க எண்ணெய் விட்டால் ஏற்றத்தில் வழுக்கிவிடும். அதனால் ரயில் தன்னோடு தொட்டியில் தண்ணீர் கொண்டுபோய்த் தண்டவாளத்தில் தெளித்துக்கொண்டே போகும்.

நேராக ஏற முடியாத மூன்று இடங்களில் ரயில் நின்று, பின்பக்கம் முன்பக்கமாகி, இசட் எழுத்துப் போல ஏறும். ஓஹிராதாய் ஸ்டேஷன் அதில் ஒன்று. ரயில் நின்றதும் ஓட்டுநர் முன்னாலிருந்தும் கண்டக்டர் பின்னாலிருந்தும் இறங்கி, பிளாட்ஃபாரத்தில் எதிரெதிராக நடந்துவந்து இடம் மாறிக்கொள்வார்கள். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவையுங்கள். ஜூன் பாதியிலிருந்து ஜூலை வரை பாதையோரம் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும். அழகுதான், ஆனால் கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

உங்கள் மகனுக்கு மலை ரயில் தொல்லை தராது, மெதுவாகத்தான் போகும். சிக்கல் கடைசியில் வரும் பஸ்தான். மோட்டோ-ஹகோனேயிலிருந்து இறங்கும் சாலையில் நம் 20 கொண்டை ஊசி வளைவு போலவே வயிற்றைப் புரட்டும். அதனால் தோகெண்டாய் வரை போய்க் கப்பலில் ஒரு சுற்று ஏரியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே ரோப்வேயிலும் ரயிலிலும் திரும்புங்கள். பாஸில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். கடைசி ரோப்வே மாலை 4, 5 மணிக்கே முடிந்துவிடும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டரை மணிக்குள் திரும்பும் ரோப்வேயில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை தோரணவாயில் முன்னால் படம் எடுக்கும் வரிசையை விட்டுவிடுங்கள். அந்த நேரம் மலை ரயிலுக்குப் போகட்டும்.

ஓவாகுதானி 1,044 மீட்டர் உயரத்தில் இருக்கும் எரிமலைப் பள்ளத்தாக்கு. நிலத்திலிருந்து கந்தகப் புகை வந்துகொண்டே இருக்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே இறங்க வேண்டாம் என்று அறிவிப்பு இருக்கிறது. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெந்நீர் ஊற்றில் அவித்த கறுப்பு முட்டை அங்கே பிரபலம். ஊற்றில் உள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஓடு கறுத்துவிடும், உள்ளே வழக்கமான முட்டைதான்.

காற்று பலமாக அடித்தாலோ, வாயு அளவு கூடினாலோ ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். அன்று ஏமாந்து திரும்ப வேண்டாம். கோராவுக்கு முந்தைய ஸ்டேஷன் சோகொகு-நோ-மோரி. அதை ஒட்டி 1969-இல் திறந்த திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. புல்வெளியில் பெரிய பெரிய சிற்பங்கள், பிக்காசோவுக்கென்றே ஒரு கட்டடம், பிள்ளைகள் ஏறி விளையாடும் வலைக்கூடு, நடந்த காலை நனைத்துக்கொள்ள வெந்நீர்த் தொட்டி. அரை நாள் போவதே தெரியாது.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ரயிலில் சுற்றும் நாளில் என்ன சாப்பிடுவது?
*— வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

முதலில் ஆபத்து எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானியச் சமையலின் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீன் சீவலில் எடுப்பது. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸின் சாறு, பஜ்ஜி போன்ற டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது உண்டு. மேலே காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் மீன்தான். நம் குழம்பு போலத் தெரியும் 'கறி ரைஸ்' மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். நம் ஊர் போலச் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. பாக்கெட்டில் இருக்கும் அலர்ஜி பட்டியலை நம்பியும் பயனில்லை. முட்டை, பால், இறால், நண்டு எல்லாம் அதில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை. மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. போன் கேமராவில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து, உட்பொருள் முழுவதையும் படியுங்கள். நிக்கு என்றால் இறைச்சி, சகானா மீன், தமாகோ முட்டை. இந்த மூன்றோடு தாஷியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இனி வயிறு நிறைய வழி. எந்தத் தெருவிலும் இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் 200 கிராம் வெறும் சாதப் பாக்கெட் கிடைக்கும். மூடியைக் கோடு வரை கொஞ்சமாகத் திறந்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் சுடச்சுடச் சோறு. அதே கடையில் சர்க்கரை இல்லாத வெள்ளை யோகர்ட் டப்பா வாங்குங்கள், அது நம் தயிர்தான். இனிப்பு சேர்த்ததும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து எடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, கையோடு கொண்டுபோன ஊறுகாய், பருப்புப்பொடி. தயிர்சாதம் தயார். பல ஓட்டல்களில் மாடிக்கு ஒரு மைக்ரோவேவ் வைத்திருப்பார்கள். காலையிலேயே கலந்து டப்பாவில் எடுத்துக்கொண்டால் மதியம் வரை கவலையில்லை. ஷின்கான்செனிலும் ரொமான்ஸ்காரிலும் சாப்பிடலாம். நகர ரயில்களில் சாப்பிடுவது வழக்கமில்லை.

ஓனிகிரி சோற்றுருண்டையில் உமே என்ற புளித்த பழம் வைத்ததுதான் நமக்குப் பக்கத்தில் வரும். அதிலும் மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் ஜே.ஆர். கேட்டுக்கு உள்ளேயே, கேயோ லைன் போகும் பாதையில், 'டீஸ் டான்டான்' என்ற வீகன் ராமென் நூடுல்ஸ் கடை இருக்கிறது. வெங்காயம் பூண்டு தவிர்ப்பவர்களுக்கு அது ஒத்துவராது. நம் மளிகைச் சாமானும் இந்தியச் சாப்பாடும் வேண்டுமென்றால் தோஸாய் மெட்ரோ லைனில் நிஷி-கசாய் போங்கள். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி.

மொறுமொறுப்புக்கு நம் தட்டுவடையைத் தாராளமாக எடுத்துப் போகலாம். செட்டாகச் சாப்பிடத் துருவிய பீட்ரூட், கேரட் மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

டோக்கியோவில் இருக்கும் தம்பி குடும்பத்துக்குச் சேலத்து மாம்பழமும், தோட்டத்து மிளகும், காபித்தூளும் கொண்டுபோகலாமா?
*— வாசகர், கன்னங்குறிச்சி*

மாம்பழம் கூடவே கூடாது. பழம், காய்கறி, விதை, பச்சை இலை எதுவாக இருந்தாலும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். பழ ஈ உள்ள நாட்டு மாம்பழத்துக்கு அதற்கு மேலும் தடை. மல்கோவாவாக இருந்தாலும் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். சொல்லாமல் ஒளித்துக்கொண்டு போவது தண்டனைக்குரிய குற்றம். கறிவேப்பிலை, பச்சைமிளகாய், அரிசி இவற்றையும் விட்டுவிடுங்கள்.

வறுத்து அரைத்த காபித்தூள் போகலாம். வறுக்காத பச்சைக் கொட்டை என்றால் சோதனைக்குக் காட்ட வேண்டும். காய்ந்த மிளகு, ஏலக்காய் கடையில் சீல் போட்ட சிறு பாக்கெட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. தோட்டத்து மிளகைச் செய்தித்தாளில் மடித்தோ, பாலித்தீன் பையில் கட்டியோ கொண்டுபோனால் நிறுத்துவார்கள். இறைச்சி சேர்ந்த ஊறுகாய், மசாலா, சூப் கட்டி எல்லாவற்றுக்கும் தடை.

அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. ஸ்டேஷனில் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்?
*— வாசகி, ஆத்தூர்*

நிறைய. சாதாரண சுற்றுலா நாளிலேயே பத்துப் பதினைந்தாயிரம் காலடி நடந்துவிடுவார்கள். லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது, பிளாட்ஃபாரத்தின் ஏதோ ஒரு இடத்தில்தான் இருக்கும். ஷின்ஜுகு மாதிரி 200-க்கு மேல் வாசல் உள்ள இடத்தில் தவறான பக்கம் வெளியேறினால் திரும்பி வரவே கால் மணி நேரம் ஆகும். கூகுள் மேப்பில் எந்த வாசல், எத்தனையாவது பெட்டி என்று காட்டும். கிளம்பும் முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி என்றால் கேட்டில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். சாய்தளப் பலகையோடு வந்து ஏற்றிவிட்டு, இறங்கும் ஸ்டேஷனுக்கும் தகவல் சொல்லிவிடுவார்கள்.

காலை 7.30 முதல் 9 வரை டோக்கியோ ரயில் பக்கமே போகாதீர்கள். மதியம் ஒரு தடவை அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கும்படி, ஒரு நாளைக்கு ஒரே பகுதி என்று வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை கடைசி ஒரு கிலோமீட்டருக்கு டாக்ஸி பிடியுங்கள். டோக்கியோவில் தொடக்கக் கட்டணம் சுமார் 500 யென், நாலு பேர் ஏறலாம். பின்கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார், நீங்கள் இழுக்க வேண்டாம்.

சின்ன ரைஸ் குக்கரை எடுத்துப் போகலாமா?
*— வாசகி, அம்மாப்பேட்டை*

வேண்டாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த 700 வாட் குக்கர் அங்கே 130 வாட் அளவுக்குத்தான் சூடாகும், அரிசி ஊறுமே தவிர வேகாது. போன், லேப்டாப் சார்ஜர்களில் '100-240' என்று போட்டிருந்தால் அப்படியே வேலை செய்யும். இரண்டு தட்டைப் பின் உள்ள அடாப்டர் மட்டும் போதும், இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்த ஷின்கான்சென் தவறிவிட்டால் பணம் போச்சா?
*— வாசகர், கொண்டலாம்பட்டி*

ரயில் கிளம்பும் முன்பே தெரிந்தால் டிக்கெட்டை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'ஸ்மார்ட் ஈஎக்ஸ்' ஆப்பில் எடுத்திருந்தால் போனிலேயே கட்டணமில்லாமல் மாற்றலாம். ரயில் போய்விட்டால் பதிவு செய்த இருக்கை போய்விடும், ஆனால் டிக்கெட் வீணாகாது. அன்றைக்கே அடுத்து வரும் ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம். குடும்பம் சேர்ந்து உட்கார இடம் வேண்டுமென்றால், நோஸோமியை விட்டு, அதைவிட அதிக ஸ்டேஷன்களில் நிற்கும் ஹிகாரியோ கோடமாவோ வரும்வரை காத்திருங்கள். கிளம்பும் ஸ்டேஷனிலேயே ஏறுவதானால் இருபது நிமிடம் முன்னால் போய்ப் பிளாட்ஃபாரத்தில் முன்பதிவில்லாத பெட்டிக்கான கோட்டில் நில்லுங்கள். கேட்டில் டிக்கெட் போடும்போது பயண டிக்கெட், விரைவு டிக்கெட் என இரண்டு சீட்டு கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே நுழைக்க வேண்டும். மறுபக்கம் வெளியே வருவதை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் ஊரில் வெளியே வர அது வேண்டும்.